எரித்திரியாவில் முடியாத 18 மாதங்கள்

எரித்திரியா பற்றி எனக்கு வந்த கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. எரித்திரியாவை ‘ஆப்பிரிக்காவின் வட கொரியா’ என்கிறார்களே, அது உண்மையா, மேற்கு நாடுகள் கட்டிவிட்ட கதையா? முப்பது ஆண்டுகள் போராடி நாட்டை மீட்ட இயக்கம் சொந்த மக்களை அப்படி நடத்துமா? நடத்துவது உண்மையென்றால், வெளிநாட்டில் வசதியாக இருக்கும் எரித்திரியர்களில் ஒரு பகுதியினர் அந்த அரசுக்கு விழா எடுப்பது ஏன்?

அந்தப் பட்டப்பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. வட கொரியாவில் ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஆள்கிறது. ஊரெங்கும் தலைவர்களின் சிலைகள். எரித்திரியாவின் அதிபர் இசயாஸ் அஃபெவெர்கி தனக்குச் சிலை வைத்துக்கொள்ளவில்லை. தலைநகர் அஸ்மாராவின் நடுவே ஒரு சந்தியில் நிற்பது, ஆளுயரத்துக்கும் பெரிய ஒரு ஜோடி பிளாஸ்டிக் செருப்பின் சிற்பம். நக்ஃபா மலைகளில் பதுங்குகுழி வெட்டி எத்தியோப்பியப் படையை எதிர்த்து நின்ற போராளிகள் அணிந்த செருப்பு அது. இயக்கம் தன் பட்டறையிலேயே அதை வார்த்துக்கொண்டது. மலைக்குள் குடைந்து மருத்துவமனை நடத்தியது, மருந்துகள் தயாரித்தது, பள்ளிக்கூடம் வைத்தது. போராளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். 1961-இல் தொடங்கிய போர் 1991 மே 24 அன்று அஸ்மாராவில் முடிந்தபோது சுமார் 65,000 போராளிகள் இறந்திருந்தார்கள். 1993 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 99.8 சதவீதம் பேர் தனிநாடு வேண்டும் என்றார்கள். ஈழ அரசியலைக் கவனித்து வந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1990-களில் தமிழ்த் தேசியம் பேசிய பலர் எரித்திரியாவை முன்னுதாரணமாக எடுத்துக்காட்டினார்கள். கேள்வியில் தொனிக்கும் நம்ப முடியாமை அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். அது நியாயமானதுதான்.

என் பதில்: குற்றச்சாட்டுகள் உண்மை. ஆனால் அவற்றைச் சிறை, சித்திரவதை, பத்திரிகைத் தடை என்று தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த நாடு புரியாது. எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அந்த ஆணி, கட்டாயத் தேசிய சேவை.

1995 அக்டோபரில் வந்த 82-ஆம் எண் பிரகடனம் சொல்வது எளிமையானது. 18 முதல் 40 வயது வரையுள்ள ஆண், பெண் அனைவரும் ஆறு மாதம் ராணுவப் பயிற்சி பெற வேண்டும்; பிறகு 12 மாதம் ராணுவத்திலோ அரசுப் பணியிலோ இருக்க வேண்டும். மொத்தம் 18 மாதம். உலகில் பல நாடுகளில் உள்ள ஏற்பாடுதான். 1998 மே மாதம் பாத்மே என்ற சிற்றூரை முன்னிட்டு எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் வெடித்தது. இரண்டு ஆண்டுகளில் இரு தரப்பிலும் சேர்த்து 70,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். போர்க்காலத்தில் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அதில் வியப்பில்லை. 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸில் அமைதி ஒப்பந்தம் ஆனது. அப்போதும் அனுப்பவில்லை. 2002-இல் ‘வர்சாய் இக்கேஅலோ’ என்ற பெயரில் ஒரு வளர்ச்சித் திட்டம் அறிவித்து, சேவையில் இருந்த அத்தனை பேரையும் காலவரையின்றி அதில் சேர்த்துக்கொண்டார்கள். 18 மாதம் என்று போனவர்களில் பலர் 40 வயது கடந்தும் அங்கேயே இருந்தார்கள்.

எத்தியோப்பியா மீதும் தவறு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2002 ஏப்ரலில் அல்ஜியர்ஸ் ஒப்பந்தப்படி அமைந்த எல்லை ஆணையம் பாத்மே எரித்திரியாவுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. எத்தியோப்பியா அதை நிறைவேற்றாமல் பதினாறு ஆண்டுகள் இழுத்தடித்தது; உலக நாடுகள் வேடிக்கை பார்த்தன. ‘எதிரி வாசலில் நிற்கும்போது படையைக் கலைக்க முடியுமா’ என்று அஸ்மாரா கேட்டதில் அதனால் ஓரளவு நியாயம் இருந்தது. 2018 ஜூலையில் எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமது அஸ்மாராவுக்கே வந்து போர்நிலை முடிந்தது என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். செப்டம்பரில் எல்லையைத் திறந்தார்கள். பிரிந்த உறவுகள் சாலையிலேயே கட்டிப்பிடித்து அழுத காட்சிகளை அப்போது உலகமே பார்த்தது. 2009 முதல் எரித்திரியா மீது இருந்த ஐ.நா. தடைகளும் நவம்பரில் நீங்கின. அதே ஆண்டு முடிவதற்குள் எரித்திரியா எல்லைக் கடவைகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. சேவைக் காலம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. எதிரி காரணமாக இருந்திருந்தால் எதிரி போனதும் காரணமும் போயிருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை விவாதம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

இந்தச் சேவை நடைமுறையில் எப்படி இருக்கிறது? சூடான் எல்லைப் பக்கத்துப் பாலைநிலத்தில் சாவா என்று ஒரு ராணுவ முகாம். 2003 முதல் நாட்டின் எந்த மூலையில் படிக்கும் பிள்ளையும் பள்ளி இறுதி ஆண்டை, அதாவது 12-ஆம் வகுப்பை, சாவாவில்தான் படிக்க வேண்டும். விடியலில் அணிவகுப்பு, பகலில் பாடம், கூடவே ஆயுதப் பயிற்சி. ஆண்டு முடிவில் பொதுத்தேர்வு. தேறியவர்கள் கல்லூரிக்கு, மதிப்பெண் குறைந்தவர்கள் தொழிற்பயிற்சிக்கோ நேரே படைக்கோ. எந்தத் துறை, எந்த ஊர், எந்த வேலை என்பதை அரசு முடிவு செய்யும். பாடம் நடத்தும் ஆசிரியரும் தேசிய சேவையில் இருப்பவர்தான். அவருக்கு விருப்பமான பாடமும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. பாதி ஆண்டில் ஆசிரியர் எல்லை தாண்டிவிட, பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. சாவாவுக்குப் போகாமல் தப்பிக்கப் பையன்கள் வேண்டுமென்றே கீழ்வகுப்புகளில் தோற்பதும், பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வதும் அங்கே சாதாரணம். கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டால் பெரும்பாலும் முகாமுக்கு அழைப்பதில்லை. பெண்களை அங்கே அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முகாம்களில் அதிகாரிகள் பயிற்சிப் பெண்களை வீட்டு வேலைக்கும் அதற்கு மேலும் பயன்படுத்திக்கொண்டதாக ஐ.நா. விசாரணை ஆணையத்திடம் ஏராளமான வாக்குமூலங்கள் குவிந்தன.

சேவைக்குப் போகாதவர்களைப் பிடிக்க நடக்கும் சுற்றிவளைப்புக்குத் திக்ரிஞ்யா மொழியில் ‘கிஃபா’ என்று பெயர். சந்தை, பஸ் நிலையம், காப்பிக் கடை, கல்யாண வீடு, எங்கு வேண்டுமானாலும் சிப்பாய்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். நகரத்துக்கு நகரம் போகக்கூட நடமாட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாதவர், அதில் தேதி தாண்டியவர் லாரியில் ஏற வேண்டியதுதான். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டாரைப் பிடிப்பார்கள். நாட்டை விட்டு ஓடியவரின் குடும்பத்துக்கு 50,000 நக்ஃபா (மலையின் பெயரையே நாணயத்துக்கும் வைத்திருக்கிறார்கள்) அபராதம் விதித்த காலம் உண்டு. சேவையில் இருந்தவருக்குப் பல ஆண்டுகள் மாதம் 500 நக்ஃபா அளவில்தான் கிடைத்தது; அரசு விகிதப்படி ஒரு டாலருக்கு 15 நக்ஃபா. அபராதத்தையும் சம்பளத்தையும் அருகருகே வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவர்கள் செய்யும் வேலை எல்லைக் காவல் மட்டும் என்று எண்ண வேண்டாம். சாலை போடுவது, அணை கட்டுவது, அரசுத் தோட்டத்தில் அறுவடை, அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஆளுங்கட்சி நிறுவனங்களின் கட்டுமானப் பணி எல்லாம் அடக்கம். பீஷா என்ற இடத்தில் தங்கம், செம்பு, துத்தநாகம் எடுக்கும் சுரங்கம் 2011-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது 60 சதவீதப் பங்கு நெவ்சன் என்ற கனடா நிறுவனத்திடமும், 40 சதவீதம் எரித்திரிய அரசிடமும் இருந்தது. தேசிய சேவை என்ற பெயரில் தங்களைக் கட்டாயப்படுத்தி அந்தச் சுரங்கக் கட்டுமானத்தில் வேலை வாங்கியதாகத் தப்பி வந்த சிலர் 2014-இல் கனடாவில் வழக்குப் போட்டார்கள். நெவ்சன் மறுத்தது, வேறொரு நாட்டு அரசின் செயலைக் கனடா நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது என்றும் வாதிட்டது. 2020 பிப்ரவரி 28 அன்று கனடா உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழக்கு நடக்கலாம் என்றது. சில மாதங்களில் நிறுவனம் சமரசம் பேசி வழக்கை முடித்துக்கொண்டது. தொகை வெளியே வரவில்லை. அடிமை உழைப்பு, சித்திரவதை போன்றவற்றைத் தடுக்கும் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் (நாடுகள் வழக்கமாகக் கடைப்பிடித்து வருவதால் சட்டமாகிவிட்ட விதிகள்) தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தக்கூடும் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். எரித்திரியர்கள் உலகச் சட்டத்துக்குக் கொடுத்த கொடை என்று அதைச் சொல்லலாம், சொந்த நாட்டில் அவர்களுக்கு அது பயன்படாவிட்டாலும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: விடுதலை இயக்கம் எப்படி இப்படியானது?

பலரும் 2001 செப்டம்பரைத் திருப்புமுனையாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஆளுங்கட்சியின் மூத்தவர்கள் 15 பேர் அதிபருக்கு எதிராக ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். அமைச்சர்கள், தளபதிகள், மலையில் அவரோடு ஒன்றாக இருந்தவர்கள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. 1997-இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள், கட்சி மாநாட்டைக் கூட்டுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்றார்கள். செப்டம்பர் 18 அன்று, நியூயார்க் தாக்குதலுக்கு ஒரு வாரம் கழித்து, உலகத்தின் கண் முழுக்க வேறு பக்கம் இருந்தபோது, கைது தொடங்கியது. 15 பேரில் 11 பேர் பிடிபட்டார்கள். மூவர் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார்கள். ஒருவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே நாளில் தனியார் பத்திரிகைகள் அனைத்தையும் மூடினார்கள். அடுத்த சில நாட்களில் ஆசிரியர்களையும் பிடித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எரித்திரியாவில் தனியார் செய்தித்தாள் ஒன்றுகூட வரவில்லை.

பிடிபட்டவர்களில் ஒருவர் பெட்ரோஸ் சாலமன், இயக்கத்தின் உளவுத் தலைவராகவும் பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய மனைவியும் முன்னாள் போராளி. அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் நான்கு பிள்ளைகள். 2003 டிசம்பரில் பிள்ளைகளிடம் திரும்பி வந்தவரை அஸ்மாரா விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். பார்க்கக் காத்திருந்த பிள்ளைகள் பார்க்காமலே வீடு திரும்பினார்கள்.

‘செதித்’ பத்திரிகையின் தாவித் இசாக் சுவீடன் குடியுரிமையும் பெற்றவர். 2005 நவம்பரில் அவரை வெளியே விட்டு, இரண்டே நாளில் மறுபடியும் பிடித்தார்கள். 2009-இல் சுவீடன் தொலைக்காட்சி ஒன்று அவர் செய்த குற்றம் என்ன என்று இசயாஸிடம் கேட்டது. தெரியாது என்றவர், வழக்கும் நடத்த மாட்டோம், விடுதலையும் செய்ய மாட்டோம் என்று தயக்கமில்லாமல் சொன்னார். 2011-இல் ஐரோப்பியச் சட்ட அறிஞர்கள் எரித்திரிய உச்சநீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு அனுப்பினார்கள். மனு கிடைத்ததா என்பதற்குக்கூடப் பதில் வரவில்லை. அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, நிர்வாகம் நீதித்துறையில் தலையிடுகிறது என்று பேசியதற்காக 2001-இலேயே பதவி இழந்திருந்தார். அவர் குறைகூறியது 1996-இல் தொடங்கிய சிறப்பு நீதிமன்றங்களை; அங்கே சட்டம் படிக்காத ராணுவ அதிகாரிகள்தான் நீதிபதிகள், வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. அதுவாவது ஒரு தீர்ப்பு. 2001-இல் பிடிபட்டவர்களுக்கு அந்த நீதிமன்றம்கூட வாய்க்கவில்லை. மலைப்பகுதியில் ஏராஏரோ என்ற இடத்தில் அவர்களுக்கென்றே சிறை கட்டினார்கள். அங்கே காவல் இருந்து பின்னர் நாட்டை விட்டுத் தப்பிய ஒருவர், கைதிகளில் பலர் வெப்பத்தாலும் நோயாலும் இறந்துவிட்டதாக 2010-இல் வெளியே சொன்னார். அரசு உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று குடும்பங்களுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் 2001-ஐத் தொடக்கமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது வெளியே தெரிந்த நாள், அவ்வளவுதான். 1973-இல் மலையில் இருந்த இயக்கத்துக்குள்ளேயே படித்த இளைஞர்கள் சிலர் தலைமையைக் கேள்வி கேட்டார்கள். இன்னும் கூடுதல் ஜனநாயகம் வேண்டும் என்றார்கள். அவர்களுடைய தலைவர்களை அடுத்த ஆண்டு சுட்டுக் கொன்றது இயக்கம். இயக்கத்துக்கு உள்ளே ஒரு ரகசியக் கட்சி இருந்தது. முக்கிய முடிவுகளை அது எடுக்க, பெரும்பாலான போராளிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் இருப்பை விடுதலைக்குப் பிறகுதான், 1994-இல், வெளிப்படையாகச் சொன்னார்கள். போரில் ரகசியமும் கீழ்ப்படிதலும் உயிரைக் காப்பாற்றும். போர் முடிந்த பிறகு அவற்றைக் கழற்றி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அல்லது கழற்றினால் தன் நாற்காலி போய்விடும் என்று ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1993 மே மாதம், விடுதலை அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, இன்னும் சம்பளமில்லாமல் வேலை செய்யச் சொன்னதற்காகப் போராளிகளே அஸ்மாரா விமான நிலையத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். இசயாஸ் நேரில் வந்து சமாதானம் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு முன்னின்றவர்களைச் சிறையில் போட்டார்கள். 1994 ஜூலையில் மாய் ஹபார் என்ற இடத்தில் போரில் கை கால் இழந்த முன்னாள் போராளிகள், தங்கள் குறைகளைச் சொல்லத் தலைநகருக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; சிலர் இறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்களைச் சுட்ட அரசு ஏழு ஆண்டு கழித்து அமைச்சர்களைச் சிறையில் போட்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நாடாளுமன்றம் கடைசியாகக் கூடியது 2002-இல். தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடந்ததில்லை. 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தேர்தல் எப்போது என்று கேட்டதற்கு, மூன்று நான்கு பத்தாண்டுகள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார் அதிபர். சொன்ன வாக்கைக் காப்பாற்றி வருகிறார்.

சிறைகளைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புக் கண்டெய்னர்களைச் சிறை அறையாகப் பயன்படுத்துகிறார்கள். அஸ்மாரா அருகே மாய் செர்வாவிலும், செங்கடலில் தஹ்லாக் தீவிலும், இன்னும் பல முகாம்களிலும். பகலில் தகரம் தொட முடியாமல் கொதிக்கும். மேட்டுநிலத்தில் இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். கை கால்களை முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டி வெயிலில் குப்புறப் போடுவதற்கு ‘ஹெலிகாப்டர்’ என்று பெயர். கைகளை விரித்து மரத்தில் கட்டித் தொங்கவிடுவதற்கு ‘இயேசு கிறிஸ்து’. முழங்கையைப் பின்னால் கட்டும் இன்னொன்றுக்கு ‘ஓட்டோ’, அதாவது இத்தாலிய மொழியில் எட்டு. 1941 வரை நாட்டை ஆண்ட இத்தாலியர்களின் மொழி இப்படியும் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கும் அளவுக்கு அது அன்றாட வேலையாகிவிட்டது.

மத விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 முதல் ஆர்தடாக்ஸ், கத்தோலிக்க, லூதரன் திருச்சபைகளுக்கும் சுன்னி இஸ்லாமுக்கும் மட்டுமே அனுமதி. மற்றவர்கள் வீட்டுக்குள் கூடி ஜெபித்தாலும் கைது. படையில் சேர மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளின் குடியுரிமையை 1994-இலேயே பறித்தார்கள். அந்த ஆண்டு பிடித்த மூவரை வழக்கே இல்லாமல் 26 ஆண்டுகள் வைத்திருந்து 2020 டிசம்பரில் விட்டார்கள். அனுமதி பெற்ற மதத்துக்கும் பாதுகாப்பு இல்லை. ஆர்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர் அபூனே அந்தோனியோஸ் சபை விவகாரத்தில் அரசு தலையிடுவதை எதிர்த்தார்; 2006-இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, வீட்டுக்காவலிலேயே 2022 பிப்ரவரியில் இறந்தார்.

இது மேற்கத்தியப் பிரசாரமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்வது சுலபம். 2001 கைதுகள் ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்துக்கு எதிரானவை என்று 2003-இலேயே சொன்னது ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம். 2009-இல் எரித்திரியா மீது தடை விதிக்கும்படி ஐ.நா.வைக் கேட்டது ஆப்பிரிக்க ஒன்றியம். சோமாலியாவில் ஆயுதக் குழுக்களுக்கு உதவியதாக அப்போது சொன்ன குற்றச்சாட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த வகையில் எரித்திரியாவின் புகாருக்கு அர்த்தம் உண்டு. 2014-இல் ஐ.நா. அமைத்த மூவர் விசாரணை ஆணையத்தில் ஆஸ்திரேலியர் ஒருவர், மொரீஷியஸைச் சேர்ந்தவர் ஒருவர், கானாவைச் சேர்ந்தவர் ஒருவர். எரித்திரியா அவர்களை உள்ளே விடவில்லை. தப்பி வந்தவர்கள் 550 பேரிடம் ரகசியமாக வாக்குமூலம் பெற்றார்கள். 2016 ஜூனில், 1991 முதல் அடிமைப்படுத்தல், வலிந்து காணாமல் ஆக்குதல், சித்திரவதை, பாலியல் வன்முறை, கொலை என மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்துள்ளன என்று முடிவு சொன்னார்கள். அடிமை நிலையில் வைக்கப்பட்டவர்கள் 3 லட்சம் முதல் 4 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஐரோப்பாவுக்கு ஏதாவது உள்நோக்கம் இருந்தது என்றால் அது நேர் எதிரான திசையில் இருந்தது. 2015-இல் கடல் வழியே இத்தாலிக் கரை சேர்ந்தவர்களில் எரித்திரியர்களே அதிகம். 2013 அக்டோபரில் லாம்பெடுசா தீவருகே மூழ்கிய ஒரே படகில் 360 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானோர் எரித்திரியர்கள். அகதிகள் வருவதை நிறுத்த வேண்டும் என்றால் ‘எரித்திரியா அவ்வளவு மோசமில்லை’ என்று யாராவது சொல்ல வேண்டும். 2014-இல் டென்மார்க் குடியேற்றத் துறை அப்படி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் மேற்கோள் காட்டப்பட்ட பேராசிரியரே தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்று கண்டித்தார். அதை நம்பி பிரிட்டன் தன் கொள்கையை மாற்றியது; 2016-இல் பிரிட்டன் தீர்ப்பாயமே அதை ஏற்க மறுத்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் எரித்திரியாவில் சாலை போட 2 கோடி யூரோ ஒதுக்கியது. சாலை போடும் வேலையில் தேசிய சேவைக்காரர்கள் இருப்பார்கள் என்பது பிரஸல்ஸுக்குத் தெரிந்தே நடந்தது. இதையா பிரசாரம் என்பது?

அரசுக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. குழந்தை இறப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது. பெண் உறுப்புச் சிதைப்பை 2007-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். உதவி நாடுகளிடம் கையேந்தாத பிடிவாதத்தை ஆப்பிரிக்காவில் பலர் மதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் ஊசி போடும் செவிலியும் வேலையை விட்டுப் போக முடியாதவர்தான்.

2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் திக்ரே மாநிலத்தில் போர் வெடித்தபோது எரித்திரியப் படை எல்லை தாண்டியது. அந்த மாதக் கடைசியில் ஆக்ஸும் நகரில் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. திக்ரேயில் எரித்திரிய அகதிகள் தங்கியிருந்த இரண்டு முகாம்கள் அழிந்தன. எரித்திரியாவிலிருந்து தப்பி வந்திருந்த அவர்களில் சிலரை அதே எரித்திரிய அரசு பிடித்துத் திருப்பி அனுப்பியது. 2022-இல் மறுபடி ஆள் தேவைப்பட்டபோது, வராதவர்களின் வீட்டைப் பூட்டி முதியவர்களை வெளியே தள்ளினார்கள். கால்பந்து அணி வெளிநாடு போகும்போதெல்லாம் வீரர்கள் காணாமல் போவது 2009-இல் கென்யாவிலும் 2015-இல் போட்ஸ்வானாவிலும் நடந்தது. 2026 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து 2023-இல் எரித்திரியா அணியையே விலக்கிக்கொண்டது.

கடைசிக் கேள்வி: வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏன் கொடி பிடிக்கிறார்கள்? 2023-இல் ஜெர்மனியின் கீசனிலும் ஸ்டாக்ஹோமிலும் டெல் அவிவிலும் அரசு ஆதரவு விழாக்களை ஒட்டி எரித்திரியர்களே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விழா எடுப்பவர்களில் பலர் 1970-களிலும் 80-களிலும் எத்தியோப்பிய ராணுவத்துக்குத் தப்பி வெளியேறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இயக்கத்துக்குப் பணம் திரட்டியவர்கள். அண்ணனையோ அக்காவையோ போரில் இழந்தவர்கள். சாவாவை அவர்கள் அனுபவித்ததில்லை. அந்த இயக்கம் தவறு செய்தது என்று ஒப்புக்கொண்டால், இறந்தவர் எதற்காக இறந்தார் என்ற கேள்வி வரும். அதை எதிர்கொள்ள எல்லோராலும் முடியாது. அவர்களை வெறுமனே கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விழாவைத் தடுக்க வருபவர்கள் சேவைக்குத் தப்பிக் கடல் கடந்த இளைய தலைமுறையினர்.

பயமும் ஒரு காரணம். வெளிநாட்டில் வாழும் ஒவ்வொரு எரித்திரியரும் வருமானத்தில் 2 சதவீதம் அரசுக்கு வரி கட்ட வேண்டும். கட்டிய ரசீது இல்லாமல் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது, ஊரில் சொத்துப் பத்திரம் பதிய முடியாது. அந்த வரியைக் கறக்க மிரட்டல், வன்முறை போன்ற வழிகளைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2011-இல் தீர்மானம் போட்டது. 2013-இல் கனடா எரித்திரியத் தூதரக அதிகாரியை வெளியேற்றியது. வரி மட்டும் போதாது. சேவையிலிருந்து தப்பி வந்தவர் ஒரு வருத்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டும்: தேசிய சேவையை முடிக்காமல் குற்றம் செய்துவிட்டேன், உரிய நேரத்தில் உரிய தண்டனையை ஏற்கத் தயார் என்பது அதன் சாரம். ஜெர்மனியில் தஞ்சம் பெற்ற ஒருவர் பயண ஆவணம் கேட்டபோது, உன் நாட்டுத் தூதரகத்தில் போய் வாங்கிக்கொள் என்றது உள்ளூர் அலுவலகம். கையெழுத்திட மாட்டேன் என்று அவர் நீதிமன்றம் போனார். 2022 அக்டோபர் 11 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், விருப்பமில்லாத ஒருவரை அப்படி ஒரு வாக்குமூலம் கொடுக்கச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல, ஜெர்மனியே அவருக்கு ஆவணம் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.